சிவப்புப் புள்ளி வெளியே விழாது

மர்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வீடு வந்து சேர்ந்தபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. அதற்குள் ஏரிக்கரை முழுக்க இருட்டிக் கிடந்தது. நவம்பர் பிறந்துவிட்டால் இங்கே சூரியன் அரசாங்க ஊழியரைப் போல நாலரைக்கே கிளம்பிவிடும். வண்டியை நிறுத்தி, மளிகைப் பையோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். அந்த வீட்டுக்கு முன்கதவு என்று ஒன்றும் இருந்தது. ஆகஸ்டில் வாங்கியதிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை. இந்த ஊரில் முன்கதவைத் தட்டுகிறவர்கள் போலீஸ்காரர்களும் மதம் பரப்ப வருகிறவர்களும்தான்.

மற்ற எல்லோருக்கும் பின்வழிதான். யாரும் மணி அடிப்பதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூட்ஸ் கழற்றும் பின்னறைக்குள் நுழைந்து, ஒட்டிய பனி உதிர மரத்தரையில் காலை இரண்டு முறை ஓங்கி வைப்பார்கள். தொம், தொம். நான்தான், நம்ம ஆள்தான் என்று அதற்கு அர்த்தம். உள்ளே இருப்பவர் அடுப்பைவிட்டு நகராமலே, வா, காபி இருக்கு என்று குரல் கொடுப்பார். அவ்வளவுதான் மரியாதை.

அவள் பாலைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. தொம், தொம்.

வா, திறந்துதான் இருக்கு என்றாள். யாரும் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, சமையலறையிலிருந்து எட்டுத் தப்படி நீளமுள்ள நடையைக் கடந்து, கண்ணாடி பதித்த உள்கதவைத் திறந்து பார்த்தாள். பின்னறை காலியாக இருந்தது. ஈரக் கம்பளி வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் அடித்தன. அந்த வீட்டில் மண்ணெண்ணெய் ஒரு சொட்டுகூடக் கிடையாது. வெளியே படியில் புதுப்பனி விழுந்திருந்தது. அதில் அவளுடைய காலடி மட்டும்தான் இருந்தது.

கூரையிலிருந்து பனி சரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் அதே நேரத்துக்குச் சரிந்தது. அதற்கு மறுநாளும்.

அவள் கணவன் ஆர்வோ மரலாரி ஓட்டுபவன். திங்கள் விடியலில் காட்டுக்குப் போனால் வெள்ளி மாலைதான் திரும்புவான். அந்த இலையுதிர் காலத்தில் பக்கத்துச் சாலையில் மூன்று வீடுகளில் திருட்டு நடந்திருந்தது. மருந்து மாத்திரை, செப்புக் குழாய், சங்கிலி ரம்பம் என்று கையில் கிடைத்ததை வாரிக்கொண்டு போயிருந்தார்கள். அதனால்தான் ஆர்வோ பரணிலிருந்து, பிடிகட்டையை இழுத்துத் தள்ளிக் குண்டேற்றும் பழைய பம்ப் துப்பாக்கியை இறக்கி எண்ணெய் போட்டு, அவள் கைக்கு எட்டுகிற அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். மான் வேட்டைக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். சுடத் தெரியாமல் இல்லை. ஆனால் மான் பகலில் வரும், கொம்போடு வரும், யாரென்று சந்தேகம் வராது. இருட்டில் நடையில் நிற்கிற உருவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

"ரெண்டு தடவை காலை உதைச்சா நான்னு அர்த்தம். உடனே துப்பாக்கியைக் கீழ வச்சிடு. இதுல என்ன கஷ்டம்?" என்று ஆர்வோ சிரித்தான்.

கஷ்டம் என்னவென்று அவளுக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதனைத் தன் கையாலேயே கொன்றுவிடுவோமோ என்கிற பயம் அவளை விடவில்லை. உதைக்கிற சத்தம் வருகிறது, ஆள் வரவில்லை என்று அவனிடம் சொல்லிப் பார்த்தாள். பழைய வீடு, மரம் குளிரில் சுருங்கும் என்றான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு மரம் இருந்தது.

துப்பாக்கியின் குழல் நுனியில் பட்டாணி அளவு பித்தளைக் குமிழ் ஒன்று இருந்தது. குறிபார்க்க அதுதான். விளக்கை அணைத்தால் குமிழும் தெரியாது, குழலும் தெரியாது. ஆகவே மர்லிஸ் சனிக்கிழமை காலை ஹார்லனின் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். டார்ச் ஒன்று மாட்ட வேண்டும், இருட்டில் தெரிகிற குறி ஒன்று வேண்டும், அரை மணி வேலை என்று நினைத்துப் போனாள்.

ஹார்லனின் கடையில் துப்பாக்கியைவிடக் கருத்துகள்தான் அதிகம். காபிக் கோப்பையோடு கல்லாவில் சாய்ந்திருந்த நாலு பேரும் ஆளுக்கொரு நாட்டாமையாகித் தீர்ப்புச் சொன்னார்கள். நடை அவ்வளவு குறுகல் என்றால் குறியே வேண்டாம், குத்துமதிப்பாகச் சுட்டால் போதும் என்றான் ஒருவன். எட்டுத் தப்படியில் ஈயக்குண்டுகள் கையகலம்கூட விரியாது, குறி வேண்டும் என்றான் இன்னொருவன். பச்சைக் கண்ணாடிநார்க் குறி வை என்றான் மூன்றாமவன். அது வெளிச்சத்தைக் குடித்து மினுங்குவது, இருட்டு வீட்டில் குருடு என்று நாலாமவன் அவன் வாயை அடைத்தான். அவர்களுக்குள் சண்டை முற்றியது. வந்தவள் ஒருத்தி நிற்கிறாள் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று.

ஹார்லன் அறுபதைக் கடந்த மனிதர். பெண்பிள்ளைகளிடம் பேசும்போது மட்டும் குரலைச் சர்க்கரைப்பாகில் முக்கி எடுப்பார். குழலுக்கடியில் பிடிகட்டையோடு சேர்ந்த டார்ச் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். இடதுகைக் கட்டைவிரலால் அழுத்தினால் எதிரே நிற்பவன் கண் கூசிப்போகும். ஒன்றே ஒன்றைத்தான் அவள் கேட்டாள். யாரென்று பார்க்க வேண்டுமென்றால் துப்பாக்கியையே அவன்மேல் நீட்ட வேண்டியிருக்கிறதே, அது வீட்டு ஆளாக இருந்தால்? அதற்குச் சுவர் விளக்கையே போட்டுவிடலாமே?

"சுவர் விளக்கை மட்டும் போட்டுடாதம்மா," என்றார் ஹார்லன். "நீ எங்க நிக்கிறேன்னு அவனுக்குக் காட்டிக் கொடுத்திடும். வெளிச்சம் உன் கையில இருக்கணும், சுவத்துல இருக்கக் கூடாது."

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாலு பேரும் தலையாட்டினார்கள்.

திங்கட்கிழமை மாலை, தொம், தொம். மர்லிஸ் நடையின் இந்தப் பக்கம் நின்று டார்ச்சை அழுத்தினாள். வெளிச்சம் நடையில் பாய்ந்து, சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பில் பட்டு, அவள் கண்ணையே கூசவைத்தது. அது உள்கதவின் கண்ணாடியைத் தொட்டதும் மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. மறுபடி அழுத்தினாள். ஒன்றுமில்லை. துப்பாக்கியைச் சமையலறைப் பக்கம் திருப்பினாள். பளிச்சென்று எரிந்தது.

கதவைப் பார்த்துத் திருப்பினாள்.

அணைந்தது.

அடுத்த சனிக்கிழமை கடையில் டார்ச் நாற்பது நிமிடம் கண்சிமிட்டாமல் எரிந்தது. ஹார்லன் அதை மேஜையில் தட்டினார், கீழே போட்டார், பனியில் புதைத்து எடுத்தார். எரிந்துகொண்டே இருந்தது. மின்கலத்தை மாற்று என்றார். மாற்றியதுதான் என்றாள். அப்படியானால் கட்டைவிரல் சரியாக அழுத்தவில்லை என்றார். முப்பது வருடம் மாவு பிசைந்த கட்டைவிரலைப் பார்த்து அப்படிச் சொன்னதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருநூறு டாலருக்கு வேறொரு டார்ச் வாங்கினாள். அதுவும் அதே கதவில், அதே கண்ணாடியில் செத்தது. ஆர்வோவிடம் சொன்னால் கடைக்காரன் உன் தலையில் மிளகாய் அரைக்கிறான் என்றான். ஹார்லனிடம் சொன்னால் உன் வீட்டுக்காரன் எண்ணெய் போட்டதில் எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கும் என்றார். செவிடன் காதில் சங்கு ஊதலாம், ஒரு செவிடன் என்றால் பரவாயில்லை. அவளுக்கு இரண்டு பேர் வாய்த்திருந்தார்கள்.

மூன்றாவது தடவை ஹார்லன் வேறு வழி சொன்னார். பெருவிரல் அளவுக் கண்ணாடி ஒன்றைத் துப்பாக்கியின் முதுகில் பொருத்தினார். அதற்குள் பார்த்தால் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். இரண்டு கண்ணையும் திறந்தபடி, புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே சுடலாம்.

அன்று மாலை அவள் கண்ணாடி வழியாகக் கதவைப் பார்த்தாள். புள்ளி சரியாக மார்பு உயரத்தில் நின்றது. துப்பாக்கியைத் தாழ்த்தினாள். கண்ணாடி இப்போது தரையைப் பார்த்தது.

புள்ளி கதவிலேயே இருந்தது.

மண்ணெண்ணெய் வாடை நடை முழுக்கப் பரவியது. ஒரு மூச்சு விடும் நேரம் புள்ளி அங்கே நின்று, மெல்ல மேலே ஏறி, ஒரு மனிதனின் முகம் இருக்கவேண்டிய இடத்துக்குப் போய் மறைந்தது. மர்லிஸ் மாடிப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவுச் சாப்பாடு அடுப்பிலேயே கருகியது.

ஹார்லன் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, சலித்துக்கொண்டார். "ஏம்மா, இது லேசர் இல்ல. புள்ளி கண்ணாடிக்குள்ளயே இருக்கும், வெளிய போய் எதுமேலயும் விழாது. கதவுல பார்த்தேன்னு சொன்னா நான் என்ன செய்ய? இருட்டைப் பார்த்துப் பயப்படுறதுக்கு என் கடையில மருந்து இல்ல."

கல்லாவில் சாய்ந்திருந்த நாலு பேரும் காபியைப் பார்த்தார்கள். மர்லிஸ் வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து அழுதாள். பயத்தில் அழவில்லை. ஒருவர்கூட நம்பவில்லையே என்கிற எரிச்சலில் அழுதாள்.

அதன்பிறகு அவள் குரல் கொடுப்பதை விட்டுவிட்டாள். சாயங்காலம் தொம், தொம் கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வெங்காயம் நறுக்கினாள். போ, உதைத்துக்கொண்டே இரு என்று விட்டுவிட்டாள். உலகத்தில் தன் ஆளைத் தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்த ஒரே அடையாளம் அது. அது இப்போது அவளுக்கு வெறும் இரைச்சலாகிவிட்டிருந்தது. இதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

டிசம்பரின் முதல் வியாழக்கிழமை ஏரியிலிருந்து பனிப்புயல் ஏறி வந்தது. பள்ளிக்கூடம் மதியமே மூடியது. ஆறு மணிக்கு மின்சாரம் இரண்டு முறை துடித்து, போகாமல் நிலைத்தது. நடையிலும் பின்னறையிலும் விளக்குகள் போடப்படாமல் இருந்தன.

தொம், தொம்.

அவள் வெங்காயத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இதுவரை அந்தத் தொம், தொம்முக்குப் பின் அது திறந்ததே இல்லை.

மர்லிஸ் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தாள். பம்பை இழுத்துத் தள்ளினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எந்தத் திருடனும் ஓடுவான் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். யாரும் ஓடவில்லை. உள்கதவின் கண்ணாடிக்குப் பின்னால் உயரமாக ஒரு உருவம் வந்து நின்றது.

"யாரது? பேரைச் சொல்லு."

பதில் இல்லை.

"சுட்டுடுவேன். பேரைச் சொல்லு."

உருவம் அசையவில்லை. மூச்சுக்கூட விடாததுபோல நின்றது. அவள் பாதுகாப்புப் பொத்தானைத் தள்ளினாள். குறிக்கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி மார்பின்மேல் போய் உட்கார்ந்தது. குறிக்கண்ணாடிக்கு வெளியே, மற்றக் கண்ணுக்கும் அந்தப் புள்ளி தெரிந்தது.

கட்டைவிரலால் டார்ச்சை அழுத்தினாள்.

எரியவில்லை.

மறுபடி அழுத்தினாள். மறுபடி. விசையின்மேல் இருந்த விரலும் கூடவே இறுகியது. அந்த நொடியில் அவளுக்கு நிற்பவன்மேல் கோபம் வரவில்லை. டார்ச்சின்மேல் வந்தது. மூன்று வாரமாகத் தன்னைக் கிறுக்கியாக்கிய அந்த இருநூறு டாலர்ச் சனியன்மேல் வந்தது. சீ என்று இடது கையைப் பிடிகட்டையிலிருந்து பிடுங்கி, பக்கத்துச் சுவரில் இருந்த சுவிட்சை ஓங்கி அறைந்தாள்.

பின்னறையில் அறுபது வாட் குண்டு பல்பு எரிந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் ஆர்வோ நின்றிருந்தான். கம்பளித் தொப்பி கையில் இருந்தது. முகம் மாவுபோல வெளுத்திருந்தது.

அவள் குண்டுகளைக் கழற்றித் தரையில் உருட்டிவிட்டாள். அவன் உள்ளே வந்ததும் அவன் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். புயலுக்காக ஒருநாள் முன்னதாகவே காட்டை மூடிவிட்டார்கள், போனில் சிக்னல் இல்லை என்று அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"யாருன்னு கேட்டேன்ல? ஏன் வாயைத் திறக்கல? செத்திருப்பியே ஆர்வோ."

"நீதானே பேசாதேன்னு சொன்ன."

"எப்ப சொன்னேன்?"

"இப்பதான். காதுகிட்ட. 'அசையாத ஆர்வோ, பேசாத, உனக்குப் பின்னால ஒருத்தன் நிக்கிறான்'னு." அவன் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "உன் மூச்சு பட்டுச்சு, மர்லிஸ்."

அவள் எட்டுத் தப்படி தள்ளி நின்றிருந்தாள். அதை அவனும் யோசிக்கத் தொடங்கியது அவன் முகத்தில் தெரிந்தது.

"காலை உதைச்சியே, அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"நான் இன்னும் உதைக்கவே இல்ல," என்றான்.

அவள் குனிந்து பார்த்தாள். அவன் பூட்ஸில் கணுக்கால்வரை பனி அப்படியே கெட்டியாக அப்பியிருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் ஹார்லனின் கடைக்குப் போனார்கள். துப்பாக்கியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், விற்றாலும் சரி, உருக்கினாலும் சரி என்று மர்லிஸ் கல்லாவில் வைத்தாள். நடந்ததை ஆர்வோ சொன்னான். ஆண்பிள்ளை சொன்னதால் ஹார்லன் இந்தத் தடவை காதுகொடுத்துக் கேட்டார். அதற்கும் அவளுக்கு எரிந்தது. எந்த வீடு என்று கேட்டார். சுரங்கக் கம்பெனி கட்டிய வீட்டு வரிசையில் கடைசி வீடு என்றதும் அவர் குரலில் இருந்த பாகெல்லாம் வடிந்துபோயிற்று.

நாற்பது வருடத்துக்கு முன்னால் லெஸ்டர் பெல்டோ என்பவன் அந்த வீட்டு நடையில் நின்று, பின்வழியாக வந்த சொந்த அண்ணனைச் சுட்டுவிட்டான். அண்ணன் காலை உதைத்தானா இல்லையா என்பதுதான் வழக்கில் பெரிய வாதம். ஹார்லனின் அப்பா அந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்டவர்.

"உதைச்ச சத்தம் கேட்டுச்சுன்னு லெஸ்டரே ஒத்துக்கிட்டான்," என்றார் ஹார்லன். "ஆனா ஒரு மாசமா தினமும் அப்படித்தான் கேக்குது, போய்ப் பார்த்தா ஆளே இருக்கிறதில்ல, அதனால நம்பலன்னான். ஊரே அவனைப் பார்த்துச் சிரிச்சுது."

ஆக, அது செத்துப்போன அண்ணன் இல்லை. அண்ணன் சாவதற்கு முன்பிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது.

வீட்டை விற்கலாம் என்றால் குளிர்காலத்தில் வாங்க ஆள் வரமாட்டான். ஏப்ரல்வரை சமாளிப்போம் என்று முடிவு செய்தார்கள். துப்பாக்கி வீட்டுக்குள் வரக்கூடாது. பின்னறைப் பல்பு இரவும் பகலும் எரிய வேண்டும். வருகிறவர் வாசலிலிருந்தே போன் செய்து, பெயர் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். பத்து நாள் ஒரு சத்தமும் இல்லை. மண்ணெண்ணெய் வாடையும் போய்விட்டது. மர்லிஸ் அடுப்பில் எதையும் கருகவிடாமல் சமைத்தாள்.

அதன்பிறகு வந்த வெள்ளிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் கூடி விற்பனைக்காக இறைச்சி அடைத்த பேஸ்டி சுட்டார்கள். ஆறரைக்கு மர்லிஸ் வீடு திரும்பினாள். ஆர்வோவுக்கென்று எடுத்துவைத்த இரண்டு பேஸ்டியும் காகிதப் பையில் சூடாக இருந்தன. அவன் லாரி ஏற்கனவே முற்றத்தில் நின்றது. அவள் பின்பக்கம் சுற்றி வந்தாள்.

வெளிக்கதவு திறந்து கிடந்தது. பின்னறைப் பல்பு எரியவில்லை.

வீடு முழுக்க இருட்டாக இருந்தது. அவள் படிக்குப் பத்தடி முன்னாலேயே நின்று, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, ஆர்வோவுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தான். மூச்சாகவே பேசினான்.

"மர்லிஸ், சத்தம் போடாத. நீ மேலயே இரு, கீழ இறங்கி வராத. கொல்லையில யாரோ வந்து நிக்கிறான்."

"ஆர்வோ, பல்பை ஏன் அணைச்ச?"

"நீதானே அணைக்கச் சொன்ன. நீ போன் பண்ணிக் கேட்டேன்னு ஹார்லனும் துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்துட்டான். இப்ப எல்லாம் சரியா இருக்கு, டார்ச் நல்லா எரியுது." துப்பாக்கி சுவரில் உரசுவது கேட்டது. "அவன் படிகிட்ட நிக்கிறான். கண்ணாடியில தெரியுறான்."

"நான் மேல இல்ல. வெளிய நிக்கிறேன். ஆர்வோ, கொல்லையில நிக்கிறது நான்தான்."

பனி அவள் தொப்பியில் விழுந்துகொண்டிருந்தது. உள்கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இருட்டுக்குள், வெள்ளையாக ஒரு வெளிச்சம் எரிந்து அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

போனில், ஆர்வோவின் மூச்சுக்கு மிக அருகில், ஒரு பெண் குரல் மெல்லப் பேசியது.

"அவ பேச்சைக் கேக்காத, ஆர்வோ. போனை வை."

அது மர்லிஸின் குரல். போன் வைக்கப்பட்டது.